திருப்புளி கேட்காத மகனுக்கு

எய்யா,

‘இங்கு யாவரும் நலம்’ என்று எழுதி, அதை நானே அடித்துவிட்டு, இரண்டாவது தாளை எடுத்திருக்கிறேன். இந்த வீட்டில் இப்போது நலமாக இருப்பது போன கிறிஸ்மஸுக்கு வாங்கிய மிக்ஸி ஒன்றுதான். அதைப் போட்டாலும் உன் அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார். எனக்கு முட்டி வலி, அவருக்கு மௌனம். இரண்டில் எது முதலில் குணமாகும் என்று மாதாவுக்குத்தான் வெளிச்சம். போனில் பேசலாமே, இதென்ன பழைய காலத்து மாதிரி கடிதம் என்று நினைப்பாய். நீ போனை எடுப்பதில்லை என்பது ஒரு காரணம். எடுத்தாலும் நீ ‘அ’ என்று தொடங்கினால், ‘அடுத்த வாரம் வாரியா’ என்று நானே கேட்டு, ‘சரி, வா’ என்று நானே பதிலும் சொல்லி வைத்துவிடுவேன் என்பது இன்னொரு காரணம். தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது. நான்கூட முடியாது. கயத்தாற்றுப் பக்கம் உங்கள் காட்டில் விறகு ஏற்றும் லாரி டிரைவர் நம் தெருவழியாகத்தான் போகிறார், அவரிடம் கொடுத்து விடுகிறேன். வழியில் அவர் பிரித்துப் படித்தாலும், உன்கூட வேலை பார்க்கிறவர்கள் வாங்கிப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. கரை முழுக்கத் தெரிந்துபோன விஷயம் கயத்தாற்றுக்குத் தெரிவதால் இனி என்ன குறைந்துவிடப் போகிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஊர்க்கதைக்குள் போய்விடுவேன். நீ கோபித்துக்கொண்டு போன நாளிலிருந்து உன் அப்பா மோட்டார் ரிப்பேர்க் கடையைத் திறக்கவில்லை. வள்ளங்கள் கட்டிக் கிடக்கிற கரையில், நீ பிறப்பதற்கு முன்பே பிடித்த அந்தத் தகரக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. இந்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடுவதாகக் கொட்டகைக்காரரிடம் சொல்லிவிட்டார். வள்ளத்து மோட்டாரின் சத்தத்தைத் தூரத்தில் வரும்போதே கேட்டு, ‘அவனுக்கு ரெண்டாவது பிளக்கு போச்சு’ என்று சொல்கிற மனுஷனுக்கு இப்போது கரையில் என்ன பெயர் தெரியுமா? ‘செவிட்டு மெக்கானிக்’. அந்தப் பெயரை வைத்தது நீ இல்லை. ஆனால் அது முளைத்தது நீ போட்ட விதையில். உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. திட்டுவதற்கு எனக்குத் தெம்பில்லை. ஒரு காரியம் ஆக வேண்டும், அது உன்னால்தான் ஆகும், அதனால் எழுதுகிறேன்.

மரம் அறுக்கிற அந்த மெசின் வீட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். கண்டெய்னர் யார்டு வேலையை விட்டுவிட்டு, சீமைக்கருவேல மரம் அறுக்கக் காண்ட்ராக்ட் எடுக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது, நான் செய்த ரகளை தெரு முழுக்கக் கேட்டது. ஏசி ரூமில் உட்கார வேண்டிய பிள்ளை முள்ளுக்காட்டில் போய் நிற்பதா என்று எல்லாரிடமும் புலம்பினேன். நீ யார்டு வேலையை ஏன் விட்டாய் என்று எனக்குச் சொன்னது நீ இல்லை, அங்கே வேலை பார்க்கிற ஒருவருடைய மனைவி, மீன் வாங்குகிற இடத்தில். கண்டெய்னர் நம்பரை வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டுமாமே. அந்தப் பக்கம் கிரேனில் இருக்கிறவன் காத்திருக்க, இந்தப் பக்கம் உனக்கு முதல் எழுத்தே வராமல் நிற்க, மற்றவர்களெல்லாம் அதே லைனில் கேட்டுக்கொண்டிருக்க. பேசத் தொடங்கியதிலிருந்து உனக்கு இருக்கிற திக்கு அது. நாங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தோம். பேசாமல் இருந்தோமே தவிர, விடவும் இல்லை. உன் அப்பா நீ பேசும்போது உன் வாயையே கார்புரேட்டரைப் பார்ப்பது போலப் பார்ப்பார். நான் நீ தொடங்கியதை முடித்துக் கொடுப்பேன். மரம் அறுக்கிற மெசின் ஓடும்போது பக்கத்தில் இருக்கிறவன் கத்தினாலும் கேட்காது, யாரும் யாரிடமும் பேச வேண்டாம். உனக்கு அந்த வேலை ஏன் பிடித்தது என்று எனக்கு இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது.

பெட்டியைப் பிரித்த அன்று சாப்பாட்டு மேசையில் மீன் குழம்பை ஓரமாகத் தள்ளிவிட்டு மெசினை நடுவில் வைத்தீர்கள். உன் அப்பா அதைச் சுற்றி வந்ததைப் பார்க்க வேண்டுமே. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் அப்படிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் பார்த்தது எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை. “ரெண்டு ஸ்ட்ரோக்குளா இது! நம்ம வள்ளத்து மோட்டாருக்குத் தம்பில்லா!” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீயும் சிரித்தாய். நீங்கள் இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்த்துச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதனால்தான் மேசை மேல் எண்ணெய் சிந்தியபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் வாயைத் திறக்காமல் இருந்த சில சமயங்களில் அது ஒன்று. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்திருக்கலாம்.

புது மெசினைக் கம்பெனிக்காரர்கள் கையைக் கட்டி, வாயைப் பொத்தித்தான் அனுப்புவார்கள், நாம்தான் அவிழ்த்துவிட வேண்டும் என்று செல்போனில் வீடியோ காட்டினாய். உடனே இரண்டு பேரும் அவிழ்க்கத் தொடங்கினீர்கள். சைலன்சரைக் கழற்றி, சுண்டு விரல் போகாத அதன் வாயை அரம் போட்டுப் பெரிதாக்கினீர்கள். உள்ளே இருந்த கம்பிச் சல்லடையைப் பிடுங்கி எறிந்தீர்கள். கார்புரேட்டர் திருகுகளை ஓர் அளவுக்கு மேல் திரும்பவிடாமல் பிடித்திருந்த பிளாஸ்டிக் தொப்பிகளை எடுத்தீர்கள். செயினில் ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சின்ன மொட்டு நிற்குமே, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளவு சொல்வது, அதையும் அராவினீர்கள். என் பல் தேய்க்கும் பிரஷ் காற்று வடிகட்டியைச் சுத்தம் பண்ணப் போனது. புது மெசினை முதலில் சில டேங்க் பெட்ரோலுக்குச் சும்மா ஓட்டிப் பழக்க வேண்டும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்ததை நான் பிறகு படித்தேன். அப்போது அந்தப் புத்தகம் குழம்புச் சட்டிக்கு அடியில் இருந்தது.

புகை போகிற வாய் பெரிதானால் காற்று தாராளமாக ஓடும், அதற்கு ஏற்றாற்போல் பெட்ரோலும் கூட்டிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் உள்ளே காய்ந்து வெந்துபோகும். இது எனக்கே தெரியும். இத்தனை வருஷம் அந்த மனுஷனுக்குச் சோறு போட்டதில் எனக்குக் கிடைத்த படிப்பு அதுதான். நீயும் சரியாகத்தான் செய்தாய். பெரிய திருகைக் கொஞ்சம் திறந்துவிட்டு, பின்வாசலில் நின்று மெசின் கயிற்றை இழுத்துக் கிளப்பி, விசையை முழுசாக அழுத்தினாய். மெசின் ஒரே சீராக ஓடவில்லை. பர்ர் என்று போய், இடையில் விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டு, கொஞ்சம் தொண்டை கட்டினாற்போல் ஓடியது. உன் அப்பாவின் முகம் மாறிவிட்டது.

“திக்குதுலே. பெட்ரோலு கூடிப் போச்சு” என்றார்.

“அ... அப்படித்தாம்பா. சும்மா ஓடும்போது...”

“சும்மா ஓடும்போதே இந்தத் திக்கு திக்குனா, மரத்துக்குள்ள போனா படுத்துரும்லா?”

நீ தலையை ஆட்டினாய். மெசினைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டினாய். “திரு... திரு... திரு...” என்றாய். உன் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்குமா? “திருப்புளியாய்யா? இந்தா கெடக்கு” என்று எடுத்து உன் அப்பா கையில் கொடுத்தேன். அவரும் வாங்கி, குனிந்து, அந்தத் திருகை உள்ளே முடுக்கிப் பெட்ரோலைக் குறைத்து, விசையை அழுத்தினார். தொண்டைக்கட்டு போய், மெசின் பாடத் தொடங்கியது. கோயில் திருவிழாவில் பேண்டு வாத்தியக்காரன் உச்சியைப் பிடிப்பானே, அந்த மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி மதில் மேலாக எட்டிப் பார்த்தாள். உன் அப்பா திருப்புளியைக் காதில் செருகாத குறையாக நிமிர்ந்து நின்றார். நீ வாயைத் திறந்தபடி அவரையும் மெசினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய். பூரிப்பு என்று நான் நினைத்தேன். அறுத்துப் பார்க்க ஒரு கட்டை கேட்டார் உன் அப்பா. என் பழைய பெஞ்சைக் கேட்கிறார் என்று தெரிந்து, தர மாட்டேன் என்றேன். ஒரு கட்டையை அறுத்திருந்தால்கூட உங்களுக்கு விஷயம் பிடிபட்டிருக்கும். அந்த பெஞ்சு இப்போதும் சமையலறையில் இருக்கிறது. அதில் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையூரணிக்கு அப்பால் முதல் மரத்தில் வைத்ததும் மெசின் இன்னும் மேலே மேலே கத்தி, கத்திய கத்தலிலேயே நின்றதாமே. கயிற்றை இழுத்தால் வரவில்லை. பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைக் கடித்துக்கொண்டது. புத்தம்புது மெசின், நீ யார்டில் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டி வாங்கியது. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் அந்தக் காட்டிலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். நீ அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராகக் கரைக்குப் போனாய். உன் அப்பா அப்போது சூசை மாமாவின் வள்ளத்து மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார், சுற்றிலும் வள்ளத்துக்காரர்கள் நின்றார்கள். நான் அங்கே இல்லை. ஆனால் நம் கரையில் ஒரு வார்த்தை கீழே விழுந்தால் அது எனக்கு வந்து சேரும் வேகம் உனக்குத் தெரியும். நீ கயத்தாறு பஸ் ஏறுவதற்குள் எனக்கு வந்துவிட்டது.

“ஒங்க காது செத்துப் போச்சுப்பா. இனி எவன் மோட்டாரையும் தொட்டுக் கெடுக்காதீங்க. கடையப் பூட்டிட்டு வீட்டுல கெடங்க.”

இதுதான் நீ சொன்னது என்றார்கள். ஒரு எழுத்துகூட மாறாமல் எல்லாரும் சொன்னார்கள். கரையில் இருந்து எனக்கு வருகிற செய்தி எதுவும் இப்படி மாறாமல் வந்ததில்லை. அப்போதே எனக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. சூசை மாமா அன்றைக்கே பிரித்த மோட்டாரைக் கோணியில் அள்ளிக்கொண்டு, “ஒரு எட்டு அங்கனயும் காட்டிட்டு வாரேன் அண்ணே” என்று புதிதாகக் கடை போட்டிருக்கிறவனிடம் போய்விட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அப்புறம் எல்லாரும். கெட்ட மனசில்லை, பயம். நடுக்கடலில் மோட்டார் நின்றுபோனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வாய் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது சூசை மாமா என்னை மறித்தார்.

“என்ன மைனி, அண்ணனுக்குக் காது கேக்கலன்னு பெத்த மவனே சொல்லுதான். நெசமா?”

“ஒமக்குத்தான் ஒம்ம பொண்டாட்டி கூப்புடுதது கேக்க மாட்டேங்குன்னு தெருவே சொல்லுது. முதல்ல அதப் பாரும்வே” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் வென்றுவிட்ட மாதிரி சேலையை உதறிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் அப்பா டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாராவது எட்டிப் பார்த்து, சத்தம் கூட்டி வைத்திருக்கிறார், காது கேட்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாதாம். இல்லை, அதுவும் நான் நினைத்துக்கொண்டதுதான். அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. அடுத்தவர் மனசில் இருப்பதை நானே முடித்துச் சொல்லுகிற வழக்கம் என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது.

போன வாரம் ஒரு நாள் காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன், சும்மா என்றார். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி வந்து, “ஒங்க வீட்டு அண்ணன் துறைமுக ரோட்டுல மர டிப்போ வாசல்ல நிக்காவளே, பஸ்ஸுக்கா?” என்றாள். அங்கே பஸ் நிற்காது. இந்த வயசில் இவர் வேறு எங்கேயும் வீடு பார்த்துவிட்டாரோ என்று எனக்கு ஒரு நிமிஷம் ஓடியது. அந்த இடத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த மரங்களும் ஒரு சொறி நாயும் தவிர யாரும் கிடையாது என்று நினைவு வந்ததும் ஆறுதலாக இருந்தது. வாட்ச்மேனும் வந்து, “அண்ணாச்சி, இங்கன பஸ்ஸு நிக்காது” என்றாராம். “நிக்காட்டா போவுது. நான் சத்தத்துக்கு நிக்கேன்” என்றாராம் இவர். உள்ளே ஆட்கள் மெசின் வைத்துப் பெரிய பெரிய மரத்தை அறுத்துக்கொண்டிருக்க, காலை முழுக்க மதிலோரமாக நின்று கேட்டுவிட்டு, வெயிலில் கருத்துப்போய் வந்து சேர்ந்தார். கை கழுவிக்கொண்டே சொன்னார்.

“அத்தன மெசினும் திக்குதுளா. கையில தூக்கிப் பிடிச்சு முழுசா விட்டா திக்குது. மரத்துல வச்ச ஒடன ஒரே சத்தமா ஓடுது. எடுத்தா மறுபடி திக்குது. எவனும் அதப் போயித் திருகல.”

எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். “நம்ம மோட்டாருக்கு விசிறி எப்பவும் தண்ணிக்குள்ள கெடந்து சுத்துது. சும மாறாது. சுமையோட திக்குனா அது சீக்குதான். வாழ்நாள் பூரா அதத்தான கேட்டேன்? இது வேற. கையில சும்மா நிக்கும்போது திக்குனாத்தான் அதுக்கு வேணுங்கிற பெட்ரோலு போவுதுன்னு அர்த்தம். சும ஏறுனா அந்தப் பெட்ரோலத் தின்னுட்டு அதுவே தெளிஞ்சிரும். நான் சொகமா இருந்த பிள்ளைக்குல்லா மருந்து குடுத்துட்டேன். அவன் சொன்னது சரிதான்.”

“அவன் எங்க சொன்னான்? ஒண்ணும் சொல்லலியே” என்றேன்.

“சொல்ல வந்தாம்லா. நீதான் திருப்புளிய எடுத்துக் குடுத்தியே.”

சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ அன்றைக்குச் சொல்ல வந்தது ‘திருகாதீங்க’. முதல் இரண்டு எழுத்து ஒன்றாகத்தான் இருக்கிறது, மிச்சத்தை நான் போட்டுக்கொண்டேன். இப்படி நான் உனக்கு எத்தனை வார்த்தையை மாற்றிப் போட்டேனோ. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் கடைக்கு அனுப்பினால், கருப்பட்டி வாங்கி வரச் சொன்னதற்குச் சீனியோடு வந்து நிற்பாய். மறதிக்காரப் பயல் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். உனக்கு ‘க’ வராது, ‘சீ’ வரும், அண்ணாச்சி முன்னால் நின்று திணறுவதைவிட வீட்டில் திட்டு வாங்குவது மேல் என்று நீ சீனியைக் கேட்டிருக்கிறாய் என்பது, நீ மீசை வைத்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்தச் சீனிக் காப்பியை நாங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தோம். நீ மூலையில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் குடித்தாய்.

மெசினுக்குப் புது பிஸ்டனும் சிலிண்டரும் சொல்லிவிட்டு வரவழைத்திருக்கிறார். மேசை மேல் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. தானே பிரிக்க மாட்டாராம், நீ வந்து பிரிக்க வேண்டுமாம். அந்தக் கம்பிச் சல்லடையை நான் குப்பையிலிருந்து பொறுக்கி, டீ வடிகட்டலாம் என்று கழுவி வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு அதையும் அனுப்புகிறேன், வடிகட்டிய டீயில் பெட்ரோல் வாசம் வருகிறது. அது பொறி வெளியே பறக்காமல் தடுப்பது என்று உன் அப்பா சொன்னார். இந்த வெயிலில், காய்ந்த முள்ளுக்குள், அது இல்லாமல் மெசினை ஓட்டாதே. கொஞ்சம் வேகம் குறைந்தால் குறையட்டும், காடு எரிந்தால் உனக்கு அடுத்த காண்ட்ராக்டை யார் தருவார்கள்? அந்த மொட்டுகளையும் இனி அராவாதே. பல் அளவுக்கு மீறிக் கடித்தால் மெசின் உன் முகத்துக்கு நேரே எழும்பும் என்கிறார். முகத்தைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டுமா, உனக்கு இன்னும் பெண் பார்க்க வேண்டும். காதுக்கு மூடி போட்டுக்கொள். இரவல் மெசினை வைத்துத்தான் இப்போது அறுக்கிறாய் என்று டிரைவர் சொன்னார். இரவல் மெசினும் திக்கட்டும், யாரையும் தொடவிடாதே.

இனி வருவதுதான் நான் எழுத வந்தது. அவர் சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன், “அப்போ ஒங்க காதுக்கு ஒரு கொறையும் இல்ல. அந்தத் திக்கு ஒங்களுக்குத்தான் நல்லாக் கேட்டுச்சு. என்ன சத்தம்னு அர்த்தம் பண்ணுனதுதான் தப்பு. இதக் கரையில போயிச் சொல்லுங்க. சூசை மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நாளைக்கே கடையத் தொறக்கலாம்.” முடியாது என்று தலையாட்டினார். நான் விடவில்லை. இந்த வயசில் கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கப் போகிறீர்களா, அந்தத் தண்டனை நமக்கு எதற்கு, இரண்டு பேருக்கும்தான் எதற்கு என்றேன். வழக்கம்போல் அவர் பதிலையும் நானே சொல்லத் தொடங்கினேன். “என்ன, மானம் போயிருமா? மெக்கானிக்குக்குத் தெரியலன்னு...”

“சும்மா கெடளா” என்றார். கோபமாக இல்லை. “நீ அன்னைக்கு அங்கன இல்ல. அத்தன பேரு சுத்தி நிக்காங்க. இந்தப் பய வந்து நின்னான், வாயத் தொறந்தான். சொன்னான் பாரு, மொத எழுத்துல இருந்து கடைசி எழுத்து வர. ஒரு எடத்துல திக்கலளா. ஒரு எடத்துல. எனக்கு அவன் என்ன சொல்லுதான்னே மொதல்ல ஏறல. திக்காமப் பேசுதான், திக்காமப் பேசுதான்னுதான் மண்டக்குள்ள ஓடுது. அவன் வாழ்க்கையில ஆளுக முன்னால முழுசாச் சொன்ன ஒரே வார்த்த அதுதான். இப்போ நான் போயி, என் காது நல்லாத்தான் இருக்கு, அவன் சொன்னது பொய்யின்னு அதே கரையில நின்னு சொல்லணுமா? சொன்னா, இவன் பேசுனாலும் பொய்தான் பேசுவான்னு ஆயிராதா? கடைதான, போனாப் போவுது.”

நான் அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா. மன்னிப்புக் கேட்க வா என்று நான் கூப்பிடவில்லை, அவருக்கு அது தேவையும் இல்லை. சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் வா. நின்றுபோன உன் மெசினையும் எடுத்துக்கொண்டு வா. பிஸ்டனை மாற்றி, அதைக் கரைக்கே கொண்டுபோய், சூசை மாமாவும் மற்றவர்களும் நிற்கும்போது முழுசாக விட்டுத் திக்க வை. கரையில் கிடக்கிற ஏதாவது ஒரு கட்டையில் வைத்துத் தெளிய வை. பெஞ்சு வேண்டுமென்றால் பெஞ்சை எடுத்துக்கொள், நான் தருகிறேன். பிறகு மெசினை அணைத்துவிட்டு, அவருடைய காதில் ஒரு குறையும் இல்லை, கோபத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று உன் வாயால் சொல்லு. இந்தத் தடவை கோபம் இருக்காது, அதனால் வார்த்தை அன்றைக்கு வந்த மாதிரி வராது. ‘கா’விலேயே நிற்கும், எனக்குத் தெரியும். சூசை மாமா மணியைப் பார்ப்பார், பார்க்கட்டும். யாராவது உனக்கு எடுத்துக் கொடுக்க வாயெடுத்தால் அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் ஒரு எழுத்துகூட எடுத்துக் கொடுக்க மாட்டேன், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், நீயே முடி. உன் அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அம்மா